மின்சாரத்தின் குறுக்கு வழி

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் ஐந்தாம் அவென்யூ என்பது செல்வர்கள் வாழ்ந்த பெருந்தெரு. 1880ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், இருப்புப்பாதைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய வில்லியம் வாண்டர்பில்ட் அத்தெருவில் புதிய மாளிகை ஒன்றை எழுப்பினார். அந்நாளில் மின்விளக்கு மிகவும் புதுமையானது. தாமஸ் ஆல்வா எடிசன் 1879ஆம் ஆண்டில்தான் நெடுநேரம் எரியும் விளக்கைச் செய்து காட்டியிருந்தார். அவ்விளக்குகளைத் தம் மாளிகையில் ஏற்ற வாண்டர்பில்ட் விரும்பினார். மாளிகையின் நிலவறையில் கொதிகலனும் மின்னாக்கியும் அமைக்கப்பட்டன. அறைகள்தோறும் கம்பிகள் இழுக்கப்பட்டன.

இரவு எட்டு மணி அளவில் விளக்குகள் ஏற்றப்பட்டன. மாளிகை ஒளி வெள்ளத்தில் மூழ்கிற்று. செல்வரும் அவர்தம் மனைவியாரும் மகளிரும் வந்து கண்டு மகிழ்ந்தனர். சில நிமிடங்களே கழிந்தன. ஓவியங்கள் தொங்கிய பெரிய கூடத்தின் சுவரிலிருந்து திடீரென்று தீயின் அறிகுறி தோன்றிற்று. அக்கூடத்தின் சுவர்கள் பட்டுத்துணியால் போர்த்தப்பட்டிருந்தன. அப்பட்டில் மெல்லிய சரிகை இழைகள் ஊடுபாவாக நெய்யப்பட்டிருந்தன. இரண்டு மின்கம்பிகள் எவ்வாறோ அச்சரிகையோடு தொடர்பு கொண்டுவிட்டன. சரிகை பழுக்கக் காய்ந்து, சுற்றியிருந்த பட்டைக் கருக்கத் தொடங்கிற்று.

அங்கிருந்த எடிசனுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. அவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லவில்லை. நிலவறைக்கு ஓடிப் பொறியை நிறுத்துமாறு தம் ஆட்களுக்கு ஆணையிட்டார். பொறி நின்றது, கொழுந்துவிட்டு எரியும் முன்னரே தீயும் அடங்கிற்று. ஆனால் வீட்டுத் தலைவியாரின் அச்சம் அடங்கவில்லை. தம் காலடியில், நிலவறையில், ஒரு கொதிகலன் இருப்பதை அறிந்ததும் அவ்வீட்டில் குடியிருக்கவே மாட்டேன் என்று கூறிவிட்டார். அரும்பாடுபட்டு அமைத்த அமைப்பு முழுவதையும் பிரித்து அகற்ற நேர்ந்தது. இந்நிகழ்ச்சியை எடிசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்து கூறியுள்ளார்.

உண்மையில் அன்று தீயை மூட்டியது கொதிகலன் அன்று. சரிகையின் வழியே மின்சாரம் கண்டுகொண்ட குறுக்கு வழியே தீக்குக் காரணம். அதே மின்னாக்கி, அதே கம்பிகள், சில நிமிடங்களுக்கு முன் எவ்விதத் தீங்கும் இன்றி விளக்குகளை எரித்தன. அப்படியிருக்க, ஒரு சரிகை இழை இடையிட்டவுடன் அவை தீயை விளைவித்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு மின்சுற்றின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் பாய்வதை ஒரு சிற்றூர் மாணவன் நாள்தோறும் காண்கின்றான். ஏரி மேட்டிலும் வயல் பள்ளத்திலும் இருப்பதால் நீர் பாய்கின்றது. மட்ட வேறுபாடு மிகுந்தால் பாய்ச்சலும் மிகும். ஆயினும் பாயும் நீரின் அளவை மட்டம் ஒன்று மட்டுமே வரையறுப்பதில்லை. மதகின் துளை சிறிதாயின் நீர் சிறிதே வரும். மதகே உடைந்துபோனால், ஏரியின் மட்டம் அதுவாகவே இருந்தும், வெள்ளம் பெருக்கெடுத்து வரப்பையும் பயிரையும் அழிக்கும்.

மின்சுற்றிலும் இத்தகைய மூன்று அளவுகள் உள்ளன. மின்சாரத்தை உந்துவது மின்னழுத்தம். இது ஏரியின் மட்ட வேறுபாட்டைப் போன்றது. வோல்ட் என்னும் அலகால் அளக்கப்படுவது. கம்பியில் ஒரு நொடியில் பாயும் மின்சாரத்தின் அளவு மின்னோட்டம். இதன் அலகு ஆம்பியர். அவ்வோட்டத்தைத் தடுத்து மட்டுப்படுத்துவது மின்தடை. இதன் அலகு ஓம். ஏரி நீர் வயலில் பரவி நின்றுவிடலாம். மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தாக வேண்டும். ஆதலின் அதன் பாதை எப்பொழுதும் ஒரு முழுச் சுற்றாகவே அமையும்.

இம்மூன்று அளவுகளுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய நாட்டு அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம். அவர் 1789ஆம் ஆண்டில் எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்து வந்தார். ஓய்வு நேரங்களில் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். அக்காலத்து மின்கலங்களின் ஆற்றல் நேரத்திற்கு நேரம் மாறிக்கொண்டே இருந்தமையால் அளவுகள் ஒத்து வரவில்லை. பின்னர் இரு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கி நிலையான மின்சாரம் பெறும் முறையை மேற்கொண்டார். முடிவுகளும் ஒழுங்குபட்டன. மின்னோட்டம் என்பது மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்த ஈவே என்னும் எளிய உண்மையை 1827ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார்.

அந்நூலுக்கு அவர் எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை. மனம் நொந்த ஓம் தம் ஆசிரியப் பணியைத் துறந்து பல ஆண்டுகள் வறுமையில் உழன்றார். 1841ஆம் ஆண்டில்தான் இலண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1881இல் பாரிஸ் நகரில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

ஓம் கண்ட விதியை இன்றைய வீடு ஒன்றில் பொருத்திப் பார்த்தால் குறுக்கு வழியின் கொடுமை விளங்கும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். 60 வாட் இழை விளக்கு ஒன்று எரியும்பொழுது அதன் தடை ஏறத்தாழ 882 ஓம். 230ஐ 882ஆல் வகுத்தால், விளக்கின் வழியே செல்லும் மின்னோட்டம் சுமார் 0.26 ஆம்பியர் எனக் கிடைக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை ஏறத்தாழ 53 ஓம். அதில் ஓடுவது 4.3 ஆம்பியருக்குச் சற்று மிகுதி. தடை குறையுந்தோறும் ஓட்டம் மிகுவதை இங்குக் காணலாம்.

விளக்குக்குச் செல்லும் இரு கம்பிகளின் காப்புறையும் ஓரிடத்தில் நைந்துபோய், உள்ளிருக்கும் செம்புகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று கொள்க. இப்பொழுது மின்சாரம் விளக்குவரை சென்று திரும்ப வேண்டுவதில்லை. தொட்ட இடத்திலேயே திரும்பிவிடுகின்றது. இதுவே குறுக்குச் சுற்று. மக்கள் வழக்கில் இதனை ஷார்ட் சர்க்யூட் என்பர். 882 ஓம் தடையுள்ள விளக்கு இனி மின்சாரத்தை மட்டுப்படுத்துவதில்லை. எஞ்சியிருப்பது கம்பிகளின் தடையும், தெருவிலுள்ள மின்மாற்றி வரையிலான பாதையின் தடையுமே. அவை எல்லாம் சேர்ந்து அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், மின்னோட்டம் 230ஐ 0.5ஆல் வகுத்த ஈவு. அதாவது 460 ஆம்பியர். விளக்கு எரிந்தபோது ஓடியதைப் போல் இது ஏறத்தாழ 1,760 மடங்கு. மின்னழுத்தம் மாறவில்லை, பொறியில் பிழை நேரவில்லை. மதகு உடைந்துவிட்டது, அவ்வளவே.

குறுக்குச் சுற்றில் ஓட்டம் அளவற்றுப் பெருகும் என்று சிலர் கருதுவர். அது சரியன்று. எந்தக் கம்பிக்கும் சிறிதளவேனும் தடை உண்டு. மின்கலத்துக்கும் மின்மாற்றிக்கும் உள்தடை உண்டு. ஓட்டம் எவ்வளவு பெருகக்கூடும் என்பதை இத்தடைகளே வரையறுக்கின்றன. கைவிளக்கில் இடும் சிறு மின்கலத்தின் முனைகளைக் கம்பியால் இணைத்தால் சில ஆம்பியர்களே ஓடும். கலம் சூடேறி விரைவில் சோர்ந்துவிடும். மோட்டார் வண்டியின் 12 வோல்ட் மின்கல அடுக்கின் உள்தடையோ மிக மிகச் சிறிது. அதன் இரு முனைகளிலும் திருகுச்சாவி ஒன்று தவறி விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர்கள் பாயும், தீப்பொறி பறக்கும், இரும்பும் பழுக்கும். 12 வோல்ட் சிறியதுதானே என்று அதை எளிதாக எண்ணுதல் கூடாது.

மற்றொரு தவறான கருத்தும் மாணவரிடையே உண்டு. மின்சாரம் எப்பொழுதும் எளிய வழியை மட்டுமே தேர்ந்தெடுத்துச் செல்லும் என்பது அக்கருத்து. உண்மையில் அது திறந்திருக்கும் வழிகள் எல்லாவற்றிலும் செல்லும். தடை குறைந்த வழியில் மிகுதியாகவும், தடை மிகுந்த வழியில் குறைவாகவும் பிரிந்து செல்லும். இதனை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். 3 வோல்ட் அழுத்தமும் 1 ஓம் உள்தடையும் உள்ள மின்கல அடுக்கு ஒன்றில் 6 ஓம் விளக்கு இணைக்கப்பட்டுள்ளது. மொத்தத் தடை 7 ஓம். ஓட்டம் சுமார் 0.43 ஆம்பியர், விளக்கு ஒளிர்கின்றது. இனி விளக்கின் இரு முனைகளையும் 0.01 ஓம் தடையுள்ள செம்புக்கம்பியால் இணைத்தால், மொத்தத் தடை 1 ஓமுக்குச் சற்று மிகுதியாகக் குறைந்துவிடும், ஓட்டம் 2.97 ஆம்பியராக உயரும். ஆனால் கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் அதன் உள்தடையிலேயே செலவாகிவிடுகின்றது. விளக்கின் முனைகளில் எஞ்சுவது 0.03 வோல்ட் மட்டுமே. எனவே விளக்கில் ஓடுவது 0.005 ஆம்பியர் அளவே, அதன் இழை சூடேறாது, ஒளி தோன்றாது. சுற்றில் ஓட்டம் ஏழு மடங்கு ஆயிற்று, விளக்கோ இருண்டது. ஒரு வீட்டில் குறுக்குச் சுற்று நேர்ந்த அந்த நொடியில் விளக்குகள் மங்குவதற்குக் காரணம் இதுவே.

பெருகிய மின்னோட்டம் தீயை விளைவிப்பது எவ்வாறு? இதனை ஆராய்ந்தவர் இங்கிலாந்து நாட்டு ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மது வடிக்கும் தொழிலையுடைய குடும்பத்தில் பிறந்த அவர், தம் வீட்டிலேயே ஆய்வுகள் நடத்தி, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்று 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஓட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்கு. வீட்டுச் சுவரினுள் செல்லும் கம்பியின் தடை 0.2 ஓம் என்று கொண்டால், 5 ஆம்பியர் ஓடும்போது அதில் பிறக்கும் வெப்பம் 5 வாட் மட்டுமே. கம்பி நெடுகப் பரவும் அச்சிறு வெப்பம் காற்றில் கலந்து மறையும். 460 ஆம்பியர் ஓடினாலோ 42,320 வாட் வெப்பம் பிறக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் நாற்பத்திரண்டைச் சுவரினுள் ஒருங்கே சூடேற்றி வைத்தது போன்ற நிலை அது. காப்புறை உருகும், அருகிலுள்ள மரமோ துணியோ பற்றிக்கொள்ளும். கம்பிகள் தொட்டு விலகும் இடத்தில் காற்றே மின்சாரத்தைக் கடத்தும் சுடராக மாறுவதும் உண்டு. 1,085 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும் செம்பையும் அச்சுடர் உருக்கிச் சிதறச் செய்யும்.

வாண்டர்பில்ட் மாளிகையில் தடித்த கம்பிகள் பழுக்காமல் சரிகை மட்டும் பழுத்த காரணமும் இப்பொழுது விளங்கும். ஒரே பாதையில் அடுத்தடுத்து உள்ள பகுதிகளில் ஓட்டம் ஒன்றே. ஆனால் தடை எங்கு மிகுதியோ அங்கு வெப்பமும் மிகும். தடித்த செம்புக்கம்பியை நோக்க மெல்லிய சரிகையின் தடை பெரிது. அன்றியும் அதன் உடல் மிகச் சிறிதாகையால் பிறந்த வெப்பம் அதனை நொடியில் பழுக்கச் செய்தது.

தீமை செய்த அவ்வியல்பையே நன்மைக்குப் பயன்படுத்தியது மனித அறிவு. பாதையில் மெல்லிய இடம் முதலில் சூடேறும் என்றால், அம்மெல்லிய இடத்தைத் தீப்பற்றாத பொருளுக்குள் வேண்டுமென்றே அமைத்தால் என்ன? அது முதலில் உருகி அறுந்து சுற்றைத் துண்டித்துவிடும். ஏனைய கம்பிகள் பிழைக்கும். இத்தகைய காப்புக் கம்பி ஒன்றிற்கு எடிசன் 1880ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். இன்று ப்யூஸ் என்றும் உருகி என்றும் வழங்குவது இதுவே. 232 பாகையில் உருகும் வெள்ளீயமும், 327 பாகையில் உருகும் காரீயமும் கலந்த கம்பியோ, வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக்கம்பியோ பீங்கான் கட்டைக்குள் பொருத்தப்படும். ஓட்டம் குறித்த எல்லையைப் பெரிதும் கடந்ததும் அக்கம்பி உருகிவிடும்.

உருகி அறுவதைப் பலர் ஒரு தொல்லையாகவே கருதுகின்றனர். இரவில் விளக்கு அணைகின்றது. பிள்ளைகளுக்கு மறுநாள் தேர்வு. வீட்டில் உருகு கம்பி இல்லை. அவ்வேளையில் ஒருவர் கைக்கு அகப்பட்ட தடித்த செம்புக்கம்பியைப் பீங்கான் கட்டையில் முறுக்கி வைக்கின்றார். இனி அறாது என்று பெருமையும் கொள்கின்றார். அவர் சொல்வது உண்மையே, அக்கம்பி அறாது. ஆனால் அடுத்த முறை பழுது நேரும்பொழுது சுற்றின் மெல்லிய இடம் பீங்கான் கட்டையில் இராது; சுவரினுள்ளோ, கூரையின் மேலோ, பிள்ளைகள் உறங்கும் அறையிலோ இருக்கும். உருகி செய்ய வேண்டிய வேலையை அந்த இடத்துக் கம்பி செய்யும். தீயோடு சேர்த்துச் செய்யும். உருகி அறுந்தது என்றால் எங்கோ பழுது உண்டு என்பது பொருள். பழுதைக் கண்டு நீக்கிய பின்னரே, உரிய அளவுள்ள கம்பியை இடுதல் முறை.

கம்பி மாற்றும் வேலையே இல்லாத கருவி ஒன்றும் பின்னர்த் தோன்றியது. ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டாட்சின் தொழிற்கூடம் 1924ஆம் ஆண்டில் சிறிய தானியங்கித் துண்டிப்பான் ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றது. இன்று வீடுகளில் காணப்படும் சிறு துண்டிப்பான்கள் அதன் வழி வந்தவை. இக்கருவியினுள் இரண்டு காவலர் உளர். ஒன்று கம்பிச் சுருளாலான மின்காந்தம். குறுக்குச் சுற்றில் ஓட்டம் பன்மடங்கு பெருகியதும் அது வலிமை பெற்றுத் தாழை இழுத்து, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் சுற்றைத் துண்டிக்கும். மற்றொன்று இரு வேறு உலோகங்களை ஒட்டிய தகடு. சூடேறும்பொழுது ஓர் உலோகம் மற்றொன்றினும் மிகுதியாக நீள்வதால் தகடு வளைந்து தாழை விடுவிக்கும்.

இரண்டு காவலர் வேண்டப்படுவது ஏன்? ஓட்டம் மிகுவதற்கு இரு காரணங்கள் உண்டு. கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதால் ஓட்டம் திடீரெனப் பன்மடங்கு உயர்வது குறுக்குச் சுற்று. ஒரே இணைப்பில் இஸ்திரிப் பெட்டி, அடுப்பு, வெந்நீர்க் கொதிகலம் என்று பலவற்றை இணைப்பதால் ஓட்டம் எல்லையைச் சிறிது கடந்து நெடுநேரம் ஓடுவது மிகுபாரம். முன்னதற்கு விரைவு வேண்டும். அதனை மின்காந்தம் கவனிக்கும். பின்னதற்குப் பொறுமை வேண்டும்; அதனைத் தகடு கவனிக்கும். பொறி ஒன்று இயங்கத் தொடங்கும் நொடியில் சற்று மிகுதியான ஓட்டம் செல்வது இயல்பு. அதற்கெல்லாம் சுற்று துண்டிக்கப்பட்டால் எந்த வேலையும் நடவாது.

உருகியும் துண்டிப்பானும் இருக்க, இனி அச்சமே இல்லை என்று எண்ணுவதும் தவறு. அவை காப்பது கம்பிகளையும் வீட்டையுமே. கம்பியைத் தொட்ட மனிதனை அல்ல. ஓர் ஆம்பியரின் நூற்றில் சில பங்கு உடலின் வழியே பாய்ந்தாலும் உயிருக்கு ஊறு நேரலாம். 5 ஆம்பியர் உருகி அவ்வோட்டத்தை உணரவே உணராது. இதன் பொருட்டே கருவிகளின் உலோக உடல் நிலத்தோடு இணைக்கப்படுகின்றது. உள்ளிருக்கும் கம்பி பழுதுற்று உலோக உடலைத் தொட்டால், மின்சாரம் நிலக்கம்பியின் வழியே பெருகி ஓடி உருகியை அறுத்துவிடும். போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, 0.03 ஆம்பியர் வேறுபட்டாலும் சுற்றைத் துண்டிக்கும் கருவிகளும் இன்று உள்ளன.

குறுக்குச் சுற்று நேர்வதற்குரிய காரணங்கள் அன்றாட வாழ்வில் பல. எலி காப்புறையைக் கடிப்பது, படம் மாட்டச் சுவரில் அடித்த ஆணி உள்ளிருக்கும் கம்பிகளைத் துளைப்பது, மழைநீர் இணைப்புப் பெட்டிக்குள் கசிவது, கதவிடுக்கில் நெடுநாள் நசுங்கிய கம்பி நைவது ஆகியவை வீட்டினுள் நேர்பவை. வெளியே, காற்றில் ஆடும் மரக்கிளையும், அறுந்து விழும் பட்டத்தின் ஈரநூலும், தாவியோடும் அணிலும் காரணமாகின்றன. காக்கை ஒன்று ஒரே கம்பியில் அமர்ந்திருக்கும்வரை அதற்குத் தீங்கில்லை. அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகச் சிறிது. சிறகை விரித்து அடுத்த கம்பியையும் அது தொடுமாயின் அதன் உடலே குறுக்கு வழியாகிவிடும்; காக்கை மடியும்; தெருவும் இருளும்.

குறுக்குச் சுற்றால் தீ மூண்டபொழுது செய்ய வேண்டுவதை அன்று எடிசன் செய்ததே காட்டுகின்றது. முதற்கண் மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். தலைமைச் சுவிட்சு எங்கிருக்கின்றது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், சிறுவரும் கூட, அறிந்திருத்தல் நலம். மின்சாரம் நிற்கும்வரை தண்ணீர் ஊற்றலாகாது. நீர் மின்சாரத்தைக் கடத்தி ஊற்றுபவரையே தாக்கும். சுவிட்சை நெருங்க இயலாதாயின் வீட்டினின்று வெளியேறித் தீயணைப்புப் படையினரையும் மின்வாரியத்தாரையும் அழைப்பதே முறை. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இராது என்று எண்ணி அருகில் செல்வதும் ஆகாது.

குறுக்குச் சுற்று எங்கும் பகையே என்று சொல்லிவிடவும் இயலாது. மின்கம்பங்களில் பழுது பார்க்கும் தொழிலாளர், கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தி, நின்றுவிட்டதைச் சோதித்தறிந்த பின், எல்லாக் கம்பிகளையும் ஒன்றோடொன்று தாமே இணைத்து நிலத்தோடும் இணைத்துவிடுவர். வேலை நடக்கும்பொழுது எவரேனும் அறியாமல் மின்சாரத்தைத் திறந்துவிட்டால், அது அக்குறுக்கு வழியே பாய்ந்து துண்டிப்பானை உடனே இயக்கிவிடும். கம்பத்தின் மேலிருப்பவர் உயிர் காக்கப்படும். அறியாது நேர்ந்தால் வீட்டை எரிக்கும் குறுக்கு வழி, அறிந்து அமைத்தால் ஒரு குடும்பத்தின் தலைவனைக் காக்கின்றது.

வாண்டர்பில்ட் மாளிகையில் அமைத்ததை அகற்ற நேர்ந்தும் எடிசன் தம் பணியைக் கைவிடவில்லை. 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பெர்ல் தெருவில் அவர் நிறுவிய மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நிலத்தடியே இட்ட கம்பிகளின் வழியே அந்நகரின் ஒரு பகுதிக்கு ஒளி சென்றது. கொதிகலன் வீட்டுக்கு வெளியே போயிற்று. ஆட்கள் நிலவறைக்கு ஓடும் தேவையும் ஒழிந்தது. காலப்போக்கில் அத்தெருவின் மாளிகைகளும் நகரத்து மின்நிலையத்தின் இணைப்பையே பெற்றன. மின்சாரத்தை வேண்டாம் என்று ஒதுக்கியதால் மக்கள் அச்சம் தீரவில்லை. அதன் போக்கை அறிந்து, அது வழி தவறும் இடந்தோறும் காவல் வைத்ததாலேயே தீர்ந்தது. அக்காவல்களுள் மிகச் சிறியது, வீட்டு வாயிலருகே பீங்கான் கட்டைக்குள் கிடக்கும் ஒரு மெல்லிய கம்பி. அதன் இடத்தில் தடித்த கம்பியை வைக்காதிருப்பது வீட்டிலுள்ளோர் கடமை.